திருவான்மியூரில் ஓர் உடல்வழி உளச்சிகிச்சைக் குழு: பங்கேற்ற ஒருத்தியின் மதிப்பீடு

மனத்துயரை உடலின் வழியாக அணுகிச் சிகிச்சை தருவதாக அறிவித்துக்கொள்ளும் இடங்கள், அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இப்போது எளிதாகக் கண்ணில் படுகின்றன. அவற்றுள், திருவான்மியூரில் ஒரு குடியிருப்புத் தெருவின் மாடி வீட்டில் வாரம் ஒருமுறை நடைபெறும் குழு வகுப்பில் தொடக்கம் முதல் முடிவு வரை பங்கேற்றதன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். குழு மிகச் சிறியது. பெயரைச் சொன்னால் என்னுடன் அமர்ந்திருந்தவர்கள் யார் யார் என்பதை அந்த வட்டாரத்தில் இருப்போர் ஊகித்துவிடுவார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத சேவை. ஆனால் அந்த மையம் தன் விளம்பரத் தாளில் எவற்றையெல்லாம் பெருமையாக அச்சிட்டிருக்கிறதோ, அவற்றால் அந்த மதிப்பு வரவில்லை. ஒருவரின் பயிற்சியை எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்திக்கொள்ள அவரையே எப்படிப் பழக்க வேண்டும் என்பதை நடத்துநர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இவ்வகைச் சிகிச்சை தரும் இடத்தை நம்பலாமா என்று தீர்மானிக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நான் அங்குச் சென்ற காரணம் பலருக்கும் நேர்வதுதான். நெடுநாள் படுக்கையில் இருந்த தாயாரைப் பார்த்துக்கொண்டு, அவர் மறைந்த பிறகு காரியங்களையும் முடித்து, அலுவலகத்துக்கும் திரும்பி, பார்ப்பவர்கள் பாராட்டும்படி இயல்பாக நடமாடிக்கொண்டிருந்தேன். இரவில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைப் பல் மருத்துவர்தான் முதலில் கண்டு சொன்னார். நெஞ்சு அடைப்பதுபோல் இருந்ததற்கு ஈ.சி.ஜி., தைராய்டு, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. உளநல ஆலோசகரிடம் சில மாதங்கள் பேசியதில் பயன் இருந்தது; ஆனால் தாயாரின் கடைசி நாட்களைப் பற்றித் தங்குதடையின்றிப் பேசக் கற்றுக்கொண்ட பின்னும் தாடை மட்டும் இறுகியபடியே இருந்தது. ஆலோசகரே இந்த வகுப்பைப் பரிந்துரைத்தார்.

சேர்வதற்கு முன் தனியாக ஒரு நேர்காணல் உண்டு. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது, அதன் பெரும்பகுதி மருத்துவக் கேள்விகளாகவே இருந்தது. இரத்த அழுத்தம், வலிப்பு நோய், அறுவைச் சிகிச்சைகள், முதுகெலும்பில் தொந்தரவு, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள், இதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்த்த விவரம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா, வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது வீட்டில் யாராவது இருப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மனநல மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது என்ற வாசகம் ஒப்புதல் படிவத்தில் தனியாக இடம்பெற்றிருந்தது. தொடுதலைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது: நடத்துநர்கள் கேட்காமல் யாரையும் தொட மாட்டார்கள், பங்கேற்பவர்கள் ஒருவரையொருவர் தொட வேண்டிய பயிற்சி எதுவும் இல்லை, தோளில் கை வைத்தால் உதவியாக இருக்கும் என்று தோன்றினாலும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே செய்வார்கள். உடலைக் கருவியாகக் கொள்ளும் சிகிச்சையில் இந்தப் பத்தி இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது என்பது என் துணிபு.

நடத்துநர்கள் இருவர். ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு அமைப்பில் பதிவு செய்தவர். பதிவெண்ணை வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் தேடிச் சரிபார்க்கவும் முடிந்தது. மற்றவர் நடன அசைவுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். அமெரிக்காவில் மேரியன் சேஸ் என்னும் நடனக் கலைஞர் 1942-இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுடன் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த துறை அது. இரண்டாமவர் செய்வது நடனம் கற்றுத்தருவதன்று என்பதை முதல் வகுப்பிலேயே புரிந்துகொண்டோம். கால் வலிக்காரர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து விரல்களை மட்டும் அசைத்தார். எதிரில் இருந்தவர் அதே அசைவைத் திருப்பிச் செய்தார். அதுவே அன்றைய பாடம்.

வகுப்பு ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முதல் கால் மணி நேரம், அறையைச் சுற்றிப் பார்ப்பது, கதவும் சன்னலும் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் தொட்டு வருவது, பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனிப்பது என்றே கழியும். தொடக்கத்தில் எனக்கு இது சலிப்பூட்டியது என்பதை மறைக்கத் தேவையில்லை. காசு கொடுத்துச் சன்னலைப் பார்க்க வந்தோமா என்று பக்கத்தில் இருந்த பெரியவரும் முணுமுணுத்தார். ஆனால் பதற்றத்தில் பழகிப்போன உடலுக்கு, இப்போது இந்த அறையில் ஆபத்து ஒன்றும் இல்லை என்பதைச் சொற்களால் தெரிவிப்பது கடினம், கண்ணும் கழுத்தும் சுதந்திரமாகத் திரும்பும்போது அது தானாகத் தெரியவரும் என்ற விளக்கம் ஏற்கத் தக்கதாகவே இருந்தது. அமெரிக்கர் பீட்டர் லெவின் வகுத்த முறையை ஒட்டி அமைந்த பகுதி இது. பாரமான நினைவை நேரடியாகத் தொடாமல், அதன் ஓரத்தைச் சிறிது தொட்டு, உடனே உடலில் இதமாக இருக்கும் ஓரிடத்துக்குக் கவனத்தைத் திருப்பி, மீண்டும் ஓரத்துக்குப் போவதே அம்முறை. கொதிக்கும் கூழை ஓரத்திலிருந்து வழித்துக் குடிப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது சுவரைத் தள்ளும் பயிற்சி. சுவரின் முன் நின்று, இரு உள்ளங்கைகளையும் மார்பளவில் பதித்து, முழு பலத்தில் பாதியளவுக்கும் குறைவாக, மிக மெதுவாகத் தள்ள வேண்டும். தோள்பட்டை, முதுகு, தொடை என்று பலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு அதே மெதுவோடு விட வேண்டும். இரண்டு ஆண்டுகளாகத் தாயாரைத் தூக்கி உட்காரவைத்த கைகள் அவை. தள்ளுகையில் ஒன்றும் தோன்றவில்லை. விடும்போதுதான் தாடை நடுங்கத் தொடங்கியது. நடத்துநர் அருகில் வந்து, சற்றுத் தள்ளியே நின்றுகொண்டு, “மேடம், இதோட நிறுத்திக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் பாக்கலாமா? நீங்க சொல்றதுதான்” என்றார். நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அத்துடன் அன்றைக்கு முடிந்தது. ‘அழுதுவிடுங்கள், உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே சுவர் முன் நின்றபோது நடுக்கம் குறைவாக இருந்தது. அதற்கு மேல் அதில் நான் அற்புதம் எதையும் கண்டதாகச் சொல்ல மாட்டேன். உறக்கம் மேம்பட்டது, இரவில் அணியும் பல் காப்புறை இன்னும் தேவைப்படுகிறது.

இந்த நிதானத்தின் அருமை, இதற்கு முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் நடந்த ‘உணர்ச்சி விடுதலை’ முகாமுக்குச் சென்றிருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அங்கு நேர்காணல் இல்லை, படிவம் இல்லை. காதைப் பிளக்கும் இசையுடன், வாயால் வேகவேகமாக மூச்சு விடும்படி நெடுநேரம் ஊக்குவித்தார்கள். சிலருக்கு விரல்கள் மரத்துக் கொக்கிபோல் மடங்கின, உதடுகள் குறுகுறுத்தன, ஒரு பெண் மயக்கம் வந்து சாய்ந்தார். தேங்கிக் கிடந்த ஆற்றல் வெளியேறுகிறது என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். வெளியேறியது கரியமில வாயு. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு இறங்கும். இரத்தத்தின் காரத்தன்மை உயரும். தனித்து உலவும் கால்சிய அயனிகள் குறையும். நரம்புகள் தூண்டப்பட்டு விரல்கள் இழுக்கும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பாடத்தில் உள்ள செய்தி இது. வலிப்பு நோயோ இதய நோயோ உள்ள ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அதே முகாமில் தலையணையை எதிரியாக நினைத்து அடித்துத் தீர்க்கும் பயிற்சியும் இருந்தது. கோபத்தைக் கொட்டிவிட்டால் தணியும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவானது. ஆனால் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையை அடித்தவர்கள், ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்துடனும் வன்மத்துடனும் இருந்தார்கள். திருவான்மியூர் வகுப்பில் கோபத்துக்கு அடிதடி கிடையாது. கைமுட்டியை மடக்கி, இறுக்கம் எங்கு வரை ஏறுகிறது என்று பார்த்து, விரல் விரலாக விடுவிப்பார்கள். தசையை இறுக்கித் தளர்த்தும் இம்முறையைக் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒழுங்குபடுத்திவிட்டார். புதுமை ஒன்றும் இல்லை, பயன் இருக்கிறது.

மூச்சிலும் அவர்கள் அடக்கமாகவே இருந்தார்கள். வெளிமூச்சைச் சற்று நீட்டி, வாய் மூடியபடி மெல்ல முனகுவது மட்டுமே. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் இயற்கை. நீண்ட வெளிமூச்சு அமைதி தருவதற்கு அதுவே எளிய காரணம். பாட்டுப் பயின்றவர்களுக்கும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டு முனகிய தலைமுறைக்கும் இதை விளக்க வேண்டியதே இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, கையில் தரப்படும் விளக்கக் கையேடு. ‘அதிர்ச்சி தசைகளில் சேமிக்கப்படுகிறது’ என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். நினைவு தசையில் தங்குவதில்லை. நடந்ததை மூளை கற்றுக்கொண்டு, தசைக்கு இறுகும்படி கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டளையைத் தளர்த்துவதற்கு உடலின் பக்கமிருந்து ஒரு வழி உண்டு என்பதுதான் சொல்லத் தக்கது. அடுத்து, மூளையை இதயம், குடல் முதலியவற்றோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் பிரிவுகளே நம் பாதுகாப்புணர்வையும் பதற்றத்தையும் ஆள்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டைக் கையேடு ஐயத்துக்கிடமற்ற அறிவியலாகத் தருகிறது. அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை என்பது உண்மை. உடலின் நிலை மனத்தைப் பாதிப்பதற்கு அது ஒரு நல்ல சான்று. ஆனால் போர்ஜஸ் அதன் மேல் கட்டிய பரிணாமக் கதையையும் நரம்புப் பாகுபாட்டையும் உடலியங்கியல் அறிஞர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். வகுப்பில் கேட்டபோது நடத்துநர் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அப்படியானால் கையேட்டைத் திருத்தி அச்சிடுவதற்கு என்ன தடை என்று தெரியவில்லை.

வலுவான சான்றே இல்லாத துறை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிற சிகிச்சைகளால் குணமாகாத நாள்பட்ட அதிர்ச்சிப் பாதிப்பு (கொடிய நிகழ்வுக்குப் பின் நீடிக்கும், பி.டி.எஸ்.டி. எனப்படும் மனநோய்) உடைய 64 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 10 வாரம் யோகப் பயிற்சியும் மற்றவர்களுக்கு உடல்நலக் கல்வியும் அளித்தார்கள். முடிவில் கணக்கில் இருந்த 60 பேருள், யோகப் பிரிவில் 31 பேரில் 16 பேர், மற்றதில் 29 பேரில் 6 பேர், நோய்க்குரிய வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான்; யோகப் பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது போதவில்லை என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அதிர்ச்சிப் பாதிப்புக்குப் பரிந்துரைத்தவற்றுள் முக்கியமானவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும். ஆகவே இத்தகைய வகுப்பைத் துணையாகக் கொள்வதே முறை. மருத்துவரையும் ஆலோசகரையும் விட்டுவிட்டு இங்கு மட்டும் வருவது எனக்கு உவப்பானதன்று.

இரண்டாவது குறை மொழி. படிவம் தமிழிலும் இருந்தது, ஆனால் வகுப்பில் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தன, தமிழ் பின்னால் துணைக்கு வந்தது. உடலில் என்ன உணர்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது குழுவில் பாதிப் பேர் ‘நத்திங்’ என்று முடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஆங்கிலம் பேசும் நடத்துநர் விடுப்பில் இருக்க, மற்றவர் முழுக்கத் தமிழில் நடத்தினார். அன்றைக்கு வயிற்றைப் பிசைகிறது, தொண்டையில் ஏதோ நிற்கிறது, கை ஓய்ந்துபோனது போலிருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வந்தார்கள். சென்னையில் இந்தச் சேவையை நடத்துபவர்கள் இதைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது.

இடவசதி சுமார். மாடிப்படி செங்குத்தானது, மின்தூக்கி இல்லை. மூட்டு வலிக்காரர்கள் ஏறி முடிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள். கோரைப்பாயும் நாற்காலியும் இரண்டும் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. சன்னலுக்குக் கீழே ஆட்டோக்களின் ஓசையும் பக்கத்து வீட்டுக் குக்கரும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அடைக்காமல் விட்டதில் எனக்கு மனக்குறை இல்லை, ஏனெனில் வீடு திரும்பியதும் அதே ஓசைகளுக்கு நடுவில்தானே அமைதி வேண்டியிருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்த உடனே அடுத்த குழுவுக்காக அறையைக் காலி செய்யச் சொல்வது சரியன்று. அழுது முடித்த ஒருவர் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மாலை நேர நெரிசலில் வண்டி ஓட்டத் தயாராவதற்குக் கால் மணி நேரமாவது இடம் தர வேண்டும்.

கட்டணம் ஒரு வகுப்புக்கு 1,200 ரூபாய், பருவம் முழுமைக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும். இரண்டு வகுப்புக்குப் பிறகு பிடிக்காவிட்டால் மீதியைத் திருப்பித் தருகிறார்கள் என்பதும், ஒழுங்கான ரசீது தருகிறார்கள் என்பதும் பாராட்டுக்குரியவை. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் செலவைத் தரும் சாதாரணக் காப்பீட்டில் இத்தகைய வகுப்புக்கு ஒன்றும் கிடைக்காது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது கனமான தொகைதான்.

அந்தத் தொகை இயலாதவர்களுக்குச் சென்னையில் வேறு வழிகள் இல்லாமல் இல்லை. 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாக மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழு வேண்டாம், தனியாகக் கற்க வேண்டும் என்பவர்களுக்கு, டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் மந்தைவெளியில் உள்ளது. ஒருவரின் உடல்நிலைக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றித் தருவது அந்த மரபின் அடிப்படை. இவை யோகம் சார்ந்தவை, உளச்சிகிச்சைக்கு ஈடாகா; ஆயினும் உடலைக் கவனிக்கப் பழகுவதற்கு நல்ல தொடக்கம். நெருக்கடி நேரத்தில் எந்த வகுப்புக்காகவும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

துக்கம், நீண்ட பராமரிப்பின் களைப்பு, காரணம் புலப்படாத இறுக்கம் ஆகியவற்றோடு இருப்பவர்கள், மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிட்டு, இந்த வகுப்பில் தயங்காமல் சேரலாம். அண்மையில் வன்முறைக்கு ஆளானவர்கள், தம்மை மறந்து உறைந்துபோகும் நிலை அடிக்கடி வருபவர்கள், மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தம் மருத்துவரின் சம்மதத்தோடு, குழுவுக்கு முன் தனி அமர்வில் தொடங்குவதே பாதுகாப்பு; மையமும் அதையே சொல்கிறது. ஆண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்பதால் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு குழு வைத்தால் அலுவலகம் முடித்து வருவோருக்கு வசதியாக இருக்கும் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இணையவழி வகுப்பும் உண்டு என்கிறார்கள். திரையில் தோளுக்கு மேல் மட்டுமே தெரியும் ஒருவருக்குக் கால் நடுங்குவதை நடத்துநர் எப்படிக் காண்பார் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான விடை கிடைக்காததால், அதைப் பரிந்துரைக்கவில்லை.